சங்கு விழுந்த துளை

தூத்துக்குடிக் கடலில் சங்குக் குளிப்பு அரசின் கையில் இருந்த காலம் அது. காலையில் கடலுக்குப் போன குளியாளிகள் பிற்பகலில் கரை சேர்ந்ததும், அவர்கள் கொண்டுவந்த சங்குகளை ஒவ்வொன்றாக அளப்பார்கள். அளக்கும் கருவி வெறும் ஒரு துளை. அதில் நுழையாமல் நின்ற சங்குக்குக் காசு உண்டு. நுழைந்து விழுந்த சங்கு உயிரோடு கடலுக்கே திரும்பும்.

துளையின் அகலம் சுமார் இரண்டேகால் அங்குலம். அதற்கும் சிறிய சங்கு வங்காளத்து வளையல் பட்டறைகளுக்கு உதவாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் சங்கின் வாழ்க்கையில் இருக்கிறது. பெண் சங்கு, ஆட்டுக்கொம்பு போல முறுக்கிய ஒரு கூட்டில் முட்டையிட்டு, கூட்டின் அடிமுனையை மணலில் ஊன்றிவிடுகிறது. குஞ்சுகள் அந்தக் கூட்டின் அறைகளுக்குள்ளேயே வளர்கின்றன. வெளியே வரும்போது குட்டிச் சங்குகளாகவே ஊர்ந்து வருகின்றன. மீன் குஞ்சைப் போல நீரோட்டத்தில் மிதந்து தொலைதூரம் போகும் பருவம் சங்குக்குக் கிடையாது. எனவே, ஒரு சங்குப் படுகையை வழித்தெடுத்துவிட்டால், வேறிடத்துக் குஞ்சுகள் மிதந்துவந்து அதை நிரப்பாது. அங்கே மிச்சம் இருக்கும் தாய்களே அதை நிரப்ப வேண்டும்.

சென்னை மாகாணத்தின் மீன்வளத் துறையில் பணிசெய்த ஜேம்ஸ் ஹார்னெல் இந்தச் சங்கைப் பற்றி 1914இல் ஒரு தனி நூலே எழுதினார். காட்டிலும் கடலிலும் தானாக வளரும் உணவை எடுத்துக்கொள்ள மனிதன் வகுத்த விதிகள் ஏராளம். அவற்றுள் பெரும்பாலானவை அந்தத் துளையின் மாற்று வடிவங்கள்தாம். எதை எடுக்கலாம், எதை விடவேண்டும் என்று பிரிக்க ஒரு கோடு வேண்டும். அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதுதான் கேள்வி.

கண்மாய்க் கணக்கு

ஒரு கண்மாயைக் கற்பனை செய்துகொள்வோம். அதிலுள்ள இரையும் இடமும் 1,000 கிலோ மீனுக்குத்தான் போதும். இப்போது அதில் 100 கிலோ மீன் இருக்கிறது. இரைக்குக் குறைவில்லை, ஆனால் தாய்மீன்கள் கொஞ்சம். ஓர் ஆண்டில் 36 கிலோ கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே கண்மாயில் 900 கிலோ இருந்தால்? தாய்மீன்கள் ஏராளம், இரைக்குத்தான் போட்டி. அப்போதும் கூடுவது 36 கிலோதான். நடுவில், 500 கிலோ இருக்கும்போது ஆண்டு வளர்ச்சி 100 கிலோவை எட்டுகிறது. அதுதான் உச்சம்.

வங்கியில் போட்ட பணத்துக்கு முதல் கூடக் கூட வட்டியும் கூடும். மீனுக்கு அப்படியில்லை. பாதி நிரம்பியிருக்கும்போதுதான் அதிக வட்டி. மில்னர் ஷேஃபர் என்ற அமெரிக்க அறிவியலாளர் 1954இல் இந்தக் கணக்கை மீன்பிடிப்புக்குப் பொருத்திக் காட்டினார். ‘500 கிலோவை விட்டுவைத்து ஆண்டுக்கு 100 கிலோ எடுத்தால் காலமெல்லாம் எடுக்கலாம்’ என்பதே அதன் சாரம். உலகின் பெரும் மீன்பிடிச் சட்டங்கள் பலவற்றின் அடியில் இந்த எண்ணம் இருக்கிறது.

ஆனால் இதில் ஒரு பொறி உண்டு. ஓர் ஆண்டு மழை பொய்த்து, கண்மாயில் 400 கிலோதான் மிஞ்சியது என்று கொள்வோம். அந்த ஆண்டின் வளர்ச்சி 96 கிலோ. நாமோ வழக்கம்போல 100 எடுக்கிறோம். குறைந்தது வெறும் 4 கிலோ. யார் கண்ணிலும் படாது. மறு ஆண்டு இன்னும் சற்று அதிகம் குறையும். பத்து ஆண்டு கழித்துக்கூட 338 கிலோ மிச்சம் இருக்கும். ‘கொஞ்சம் குறைவுதான், பரவாயில்லை’ என்போம். பிறகு சரிவு வேகமெடுக்கிறது. இருபத்திரண்டாம் ஆண்டில் கண்மாய் காலி. பேராசை யாருக்கும் இல்லை. எல்லாரும் அதே 100 கிலோவைத்தான் எடுத்தார்கள்.

விதியைச் சற்றே மாற்றிப் பார்ப்போம்: ‘ஆண்டுக்கு 100 கிலோ’ என்பதற்குப் பதில், ‘இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு’. நல்ல காலத்தில் 500இல் 100. எந்த இழப்பும் இல்லை. மழை பொய்த்து 400 ஆனால் எடுப்பது 80தான், வளர்ச்சி 96. கண்மாய் தானாகவே மேலேறத் தொடங்கும். அளவு சொல்லும் விதி தவறைப் பெருக்குகிறது. பங்கு சொல்லும் விதி தவறைத் திருத்துகிறது.

கடலுக்குள் எத்தனை மீன் என்று எண்ணாமல் பங்கு பிரிப்பது எப்படி? நம் கரையில் நடைமுறையிலுள்ள தடைக்காலமும் நாள் கணக்கும் இதற்கு ஒரு மறைமுக வழி. ஒரு விசைப்படகு ஒரு நாளில் இழுத்துவரும் மீன், கடலில் உள்ள மீனுக்கு ஏறத்தாழ ஒரு சிறு பங்காக இருக்கும். மீன் குறைந்தால் இழுப்பும் குறையும். நாட்களைக் கட்டுப்படுத்தினால், எண்ணாமலேயே பங்கைக் கட்டுப்படுத்தியதாகிறது.

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. 2001இல் இது தொடங்கியபோது 45 நாள்தான். மீன் சினைப்படும் காலம் என்பதால் தடை என்று நாம் கேட்டிருக்கிறோம். அது பாதி உண்மை. வெப்பக் கடலில் நூற்றுக்கணக்கான வகை மீன்கள் வாழ்கின்றன. எல்லாம் ஒரே மாதத்தில் சினைப்படுவதில்லை. சில வகைகள் ஆண்டில் பல மாதம் முட்டையிடும். ஆண்டின் ஆறில் ஒரு பங்கு காலம் இழுவை வலையான மடி இழுபடாமல் கடலடி ஓய்வெடுக்கிறது என்பது தடைக்காலத்தின் இன்னொரு பயன். அது எல்லா வகைக்கும் பொருந்தும்.

எண்ணிக்கை ஏமாற்றும்

இழுப்பு குறைந்தால் மீன் குறைந்துவிட்டது என்று பொருள். ஆனால் இழுப்பு குறையாவிட்டால் மீன் குறையவில்லை என்று சொல்லிவிட முடியுமா? கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடல் இதற்குக் கொடுத்த விலை பெரிது.

நூற்றாண்டுகளாக ஐரோப்பாவுக்கே உணவளித்த காட் மீன் அந்தக் கடலுடையது. 1968இல் அங்கே 8 லட்சம் டன்னுக்கு மேல் பிடித்தார்கள். அதன் பிறகு மீன் குறைந்துகொண்டே வந்தது. ஆனால் எஞ்சிய காட் மீன்கள் சிதறிப் போகவில்லை, கூட்டமாகத் திரண்டன. கருவிகளைக் கொண்டு கப்பல்கள் அந்தக் கூட்டங்களைத் தேடிப் பிடித்தன. வலை நிறைந்தது; கடலும் நிறைந்திருப்பதாகத் தோன்றியது. 1992 ஜூலை 2 அன்று கனடா அரசு மீன்பிடிப்பை நிறுத்தியபோது ஏறத்தாழ 30,000 பேர் வேலை இழந்தார்கள். இரண்டு ஆண்டில் மீண்டுவிடும் என்று நினைத்தார்கள். தடை நீங்கியது 2024இல். அப்போதும் அனுமதித்த அளவு 18,000 டன்தான்.

கூட்டமாகத் திரியும் எந்த மீனுக்கும் இந்த ஆபத்து உண்டு. மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி எல்லாம் அந்த வகைதான். ஒரு கூட்டத்தையே வளைத்து அடியைச் சுருக்கித் தூக்கும் சுருக்குமடி வலையின் மேல் இத்தனை வழக்கு நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தமிழ்நாடு 2000இல் அதைத் தடை செய்தது. 2023இல் உச்ச நீதிமன்றம், 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் என்று இடைக்கால அனுமதி தந்தது.

இழுக்கும்போது மூடும் கண்ணி

சங்குக்குத் துளை என்றால் மீனுக்கு வலைக்கண்ணி. செவுள் வலையில் இந்தக் கணக்கு அழகாக வேலை செய்கிறது. கண்ணியைவிட ஒல்லியான மீன் நுழைந்து போய்விடும். மிகப் பருத்த மீனின் தலையே நுழையாது, முட்டித் திரும்பிவிடும். நடுத்தர மீன்தான் செவுள் மாட்டி நிற்கும். ஒரு குறிப்பிட்ட கண்ணி ஒரு குறிப்பிட்ட பருமனை மட்டுமே பிடிக்கிறது.

இழுவை மடியில் கதை வேறு. மடியின் வால் பகுதியில் கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது தமிழ்நாட்டு விதி. கரையில் கையால் விரித்து அளந்தால் 40 இருக்கும். ஆனால் சாய்சதுரக் கண்ணியுள்ள வலையைப் படகு இழுக்கும்போது, அது நீளவாக்கில் இழுபட்டுக் கண்ணிகள் கோடுகளைப் போல மூடிக்கொள்கின்றன. பழைய நூல் பையைத் தூக்கினால் அதன் ஓட்டைகள் மூடிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள், அதே வேலைதான். மடியில் மீன் சேரச் சேர இழுவிசை கூடும். கண்ணி இன்னும் இறுகும். குஞ்சு மீன் தப்ப வழி சட்டப் புத்தகத்தில் இருக்கும், கடலுக்கடியில் இருக்காது.

இதற்கு மாற்றாக மீன்பிடித் தொழில்நுட்ப அறிஞர்கள் சொல்வது சதுரக் கண்ணி. அதே வலையை 45 பாகை திருப்பிக் கட்டினால், நூல்கள் இழுவைத் திசையிலும் அதற்குக் குறுக்காகவும் ஓடும். இழுத்தாலும் கண்ணி திறந்தே இருக்கும். செலவு அதிகமில்லை. ஆனாலும் பலர் மாறத் தயங்குகிறார்கள். மடியில் வரும் குஞ்சுகளுக்கும் இன்று விலை இருப்பதே காரணம்: மீன்மாவு ஆலைக்கும் கோழித் தீவனத்துக்கும் அவை போகின்றன. ஆறு மாதத்தில் தட்டுக்கு வரவேண்டிய மீன், அதற்குள் கோழிக்குப் போய்விடுகிறது.

பெரிய தாயை விடு

‘குஞ்சை விடு, பெரியதைப் பிடி’ என்பது நமக்கு இயல்பாகத் தோன்றும் அறம். முதல் பாதியில் பிழையில்லை. இரண்டாம் பாதியில் அறிவியல் ஒரு திருத்தம் சொல்கிறது.

இரண்டு கிலோ மீன் பதினைந்து சேர்ந்தால் முப்பது கிலோ. அப்படியானால் முப்பது கிலோ எடையுள்ள ஒரே தாய்மீன், அந்தப் பதினைந்து தாய்களும் இடும் அளவு முட்டையிடும் என்று நாம் நினைப்போம். 2018இல் வெளியான, 342 மீன் வகைகளை அலசிய ஓர் ஆய்வு இதைப் பொய்யாக்கியது. முப்பது கிலோ காட் மீன் ஒன்று, இரண்டு கிலோ காட் மீன்கள் 28 சேர்ந்து இடுவதைவிட அதிக முட்டையிடுகிறது. மீன் வளர வளர முட்டையின் எண்ணிக்கை எடையைவிட வேகமாக ஏறுகிறது. பெரிய தாயைப் பிடிப்பவர் ஒரு மீனை எடுப்பதாக நினைக்கிறார். எடுப்பதோ ஒரு கூட்டத்தின் சினையை.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து மீனவர்கள் இதை ஆய்வுக்கு முன்பே பிடித்துவிட்டார்கள். அவர்களுடைய சிங்கி இறாலுக்கு இரண்டு கோடுகள்: ஓட்டின் நீளம் மூன்றேகால் அங்குலத்துக்குக் குறைந்தாலும் கடலுக்கு, ஐந்து அங்குலத்தை மீறினாலும் கடலுக்கு. சினையோடு வந்த பெண் சிங்கியின் வாலில் ‘வி’ வடிவத்தில் ஒரு சிறு வெட்டு வெட்டி விடுவார்கள். பிறகு அது யார் கூட்டில் அகப்பட்டாலும், அப்போது சினை இல்லாவிட்டாலும், வெட்டைப் பார்த்தவுடன் கடலில் விட்டுவிட வேண்டும். 2016இல் அங்கே பிடித்த சிங்கி ஏறத்தாழ 60,000 டன். 1980களில் இருந்ததைப்போல ஆறு மடங்குக்கும் மேல். இதில் முழுப் புகழும் விதிக்கே சேராது: கடல் சூடானதும், சிங்கியைத் தின்னும் காட் மீன் பெருமளவு குறைந்ததும் உதவின. நம் நாட்டில் சிங்கி இறாலுக்கு 2003 முதல் ஏற்றுமதிக்கான குறைந்தபட்ச எடை உண்டு. மேற்கோடு இல்லை.

மேற்கோடு இல்லாவிட்டால் இன்னொன்றும் நடக்கும். எப்போதும் பெரியதையே பிடித்தால், சீக்கிரம் வளரும் பரம்பரை வலையில் போகும்; சிறிதாகவே இருந்து முட்டையிடும் பரம்பரை தப்பும். சில்வர்சைடு என்ற சிறு மீனைத் தொட்டியில் வளர்த்து 2002இல் வெளியிட்ட ஒரு சோதனையில், நான்கே தலைமுறையில் மீன் உருவம் சிறுத்துவிட்டது. கனடா மலைகளில் பெருங்கொம்பு ஆட்டுக்கடாக்களைக் கொம்புக்காக வேட்டையாடியதில், கொம்பே சிறுத்துப்போனதைக் கண்டார்கள். வேட்டைக்காரன் தெரியாமலே பண்ணையாளனாகிறான். நல்ல விதையை விற்றுவிட்டுச் சொத்தையை விதைக்கும் பண்ணையாளன்.

பால்சுறாவும் மானும்

மேலே சொன்னதெல்லாம் ஆயிரக்கணக்கில் முட்டையிடும் உயிர்களுக்கு. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று நம் வீடுகளில் புட்டுச் செய்து கொடுக்கும் பால்சுறா அந்த வகை கிடையாது. அது குட்டி போடும் மீன். கருச்சுமக்கும் காலம் ஏறத்தாழ ஓர் ஆண்டு. ஓர் ஈற்றுக்குச் சில குட்டிகளே. மத்திக்கு வகுத்த விதியைச் சுறாவுக்கு வைத்தால் சுறா மிஞ்சாது. வட்டி மிகக் குறைந்த கணக்கு அது.

நிலத்துக்கு வந்தால் மானும் காட்டுப்பன்றியும் முயலும். இந்தியாவில் 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு ஏறக்குறைய முழுக் கதவையும் அடைத்துவிட்டது. காடு சுருங்கிய நாட்டில், எத்தனை இருக்கின்றன என்று எண்ணாமல் பங்கு பிரிக்க வழியில்லை. வேட்டை சட்டப்படி நடக்கும் நார்வே, சுவீடன் போன்ற நாடுகளில் எந்த வயது, எந்தப் பால், எத்தனை என்று ஆண்டுதோறும் வகுத்துத்தான் அனுமதி தருகிறார்கள்.

கதவு அடைபட்டபோது வாழ்வு இழந்தவர்களும் உண்டு. பாம்புத்தோல் வணிகம் நின்றதும் இருளர்கள் தொழிலற்றுப் போனார்கள். 1978இல் அமைந்த இருளர் கூட்டுறவுச் சங்கம், சென்னையை அடுத்த வடநெம்மேலியில், பாம்பைக் கொல்லாமல் நஞ்சை மட்டும் எடுக்கும் வழியைக் கண்டது. சில வாரம் வைத்திருந்து நஞ்செடுத்தபின், வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் வெட்டிப் பாம்பைக் காட்டில் விடுவார்கள். அடையாளம் உள்ள பாம்பு மறுபடி கையில் கிடைத்தால் அதைத் தொடுவதில்லை. மெய்ன் சிங்கியின் வாலில் இருப்பதும், வடநெம்மேலிப் பாம்பின் வயிற்றில் இருப்பதும் ஒரே எழுத்து: ‘என் பங்கை நான் கொடுத்துவிட்டேன்.’

பக்கத்துப் படகும் நிற்குமா?

இவ்வளவு அறிவியலும் ஒரு கேள்வியில் தடுக்கி விழக்கூடும். நான் விட்ட குஞ்சை அடுத்த படகு பிடித்துக்கொண்டால்? அப்படி நடக்குமென்றால், விட்டவன் ஏமாளி. எந்த விதியும் இந்தச் சந்தேகத்தைத் தீர்த்தால்தான் நிற்கும்.

பழவேற்காடு ஏரியில் இதற்கு நெடுங்காலமாக ஒரு பதில் இருக்கிறது. அதன் பெயர் பாடு. இறால் ஓடும் நல்ல இடங்கள் குறைவு, வலைகள் அதிகம். எனவே ஊர் கூடி, சீட்டுப் போட்டு, இன்ன நாளில் இன்ன இடம் இன்னாருக்கு என்று முறை வகுத்துக்கொள்கிறார்கள். இன்று கிடைக்காத நல்ல இடம் முறை சுற்றி நாளை வரும். அவசரப்பட்டு வழித்தெடுக்க யாருக்கும் காரணமில்லை. பாடு முறைக்கும் பழுது உண்டு. பிறப்பால் உரிமை பெற்றவருக்கே அதில் இடம். மற்றவர்கள் வெளியே நிற்கிறார்கள். ஆனால், தன் முறை நிச்சயம் வரும் என்று தெரிந்தவன் விதியைக் காப்பான் என்பதை அது காட்டிவிட்டது.

பாக் நீரிணையில் விசைப்படகும் நாட்டுப்படகும் மோதிக்கொண்ட 1970களில் பிறந்தது மூன்று நாள், நான்கு நாள் முறை: வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு. அதை எழுதியபோது யாரும் மீன் வளத்தை மனத்தில் கொள்ளவில்லை. வலை அறுபடாமலும் தலை உடையாமலும் இருக்கத்தான் செய்துகொண்டார்கள். ஆனால் கண்மாய்க் கணக்கின்படி பார்த்தால், விசைப்படகின் இழுவை நாட்களைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்த அந்த ஒப்பந்தம், சிறந்த மீன்வள விதிகளுள் ஒன்று.

மத்தி காணாமல் போன ஆண்டு

விதி எல்லாவற்றையும் காத்துவிடாது. கேரளத்தில் 2012இல் 3.9 லட்சம் டன் மத்தி கரையேறியது. 2021இல் வெறும் 3,297 டன். குஞ்சுகளைப் பிடித்தது ஒரு காரணம். கடல் வெப்பமும் மழையும் மாறியது இன்னொரு காரணம். மத்தி குறுகிய ஆயுள் கொண்ட மீன். இரையும் வெப்பமும் ஒத்துவந்தால் பெருகும். இல்லாவிட்டால் அதன் கூட்டம் சரியும். மழையை நாம் கட்டுப்படுத்த முடியாது. மழை பொய்த்த ஆண்டிலும் 100 கிலோ எடுக்கும் பழக்கத்தைக் கட்டுப்படுத்தலாம்.

குஞ்சு பிடிப்பதையும் கட்டுப்படுத்தலாம். கேரளம் செய்தது இந்த இரண்டாவதைத்தான். மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் பரிந்துரைத்தபடி, எந்த மீனை எந்த நீளத்துக்குக் கீழே பிடிக்கக் கூடாது என்று 2015 முதல் சட்டமாக்கியது. இந்தியாவில் முதலில் செய்த மாநிலம் அது. முதலில் 14 வகை, பிறகு 58. அதில் மத்திக்கு 10 சென்டிமீட்டர். கானாங்கெளுத்திக்கு 14.

இந்த இரண்டு எண்களை மட்டும் மனத்தில் வையுங்கள். மீன் வாங்கப் போகும்போது, வீட்டில் பள்ளிப் பிள்ளையின் ஜாமெட்ரி பாக்ஸில் கிடக்கும் 15 சென்டிமீட்டர் அளவுகோலைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கூடையில் உள்ள மத்தியை மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை ஒருமுறை அளந்து பாருங்கள். பத்தைத் தொடாவிட்டால், ‘இது வேண்டாம்மா, பெருசா வந்தா குடுங்க’ என்று மீன்காரம்மாவிடம் சொல்லிவிட்டு அடுத்த கூடைக்கு நகருங்கள். நீங்கள் வாங்காத மீன் கடலுக்குத் திரும்பாது, அது செத்துவிட்டது. ஆனால் விலைபோகாத குஞ்சுக்காக நாளை யாரும் சிறு கண்ணி வலை கட்டமாட்டார்கள்.